ஸ்லோவில் அணையும் என்ஜின்: அவுட்போர்டும் லாங் டெயிலும்

திருவிடந்தை நித்யகல்யாணப் பெருமாள் கோயிலிலிருந்து கடல் நடந்துபோகும் தூரம்தான். கிழக்குக் கடற்கரைச் சாலையைக் கடந்து சவுக்குத் தோப்பைத் தாண்டினால் திறந்த மணல். வடக்கே கோவளம் தொடங்கித் தெற்கே நெம்மேலி, பட்டிபுலம், தேவனேரி, மாமல்லபுரம் வரை மீனவர்கள் இப்படிப்பட்ட மணல்கரையிலிருந்துதான் படகு இறக்குகிறார்கள். காசிமேட்டில் இருப்பதுபோல அலையை வாங்கிக்கொள்ளும் பெரிய தடுப்புச் சுவரோ, படகைக் கட்டிப்போடும் மேடையோ இங்கே கிடையாது. போகும்போதும் வரும்போதும் அலை முறியும் இடத்தைத் தாண்டியே ஆக வேண்டும்.

வரும்போதுதான் சிரமம் அதிகம். அலைக்கு வெளியே என்ஜினை ஸ்லோவில் விட்டுப் படகை நிறுத்தி, பெரிய அலைகள் வரிசையாகக் கடந்து போகட்டும் என்று காத்திருப்பார்கள். இடைவெளி கிடைத்ததும் ஒரே முடுக்காக முடுக்கி மணலில் ஏற்றிவிட வேண்டும். அந்தக் காத்திருப்பில் என்ஜின் அணைந்துவிட்டால் படகு குறுக்கே திரும்பும். அடுத்த அலை பக்கவாட்டில் அடிக்கும். வலை, மீன், ஆள் எல்லாம் தண்ணீரில். அதனால் “ஃபுல்லில் நன்றாக ஓடுகிறது, ஸ்லோவில்தான் நிற்க மாட்டேன் என்கிறது” என்று யாராவது சொல்லும்போது எனக்குப் பதறுகிறது. ஃபுல்லில் ஓடுவது மீன்பிடிக்கப் போவதற்கு. உயிரோடு கரையேறுவதற்கு ஸ்லோ வேண்டும்.

இந்தக் கோளாறை இரண்டு என்ஜின்களில் வைத்துப் பார்க்கலாம். ஒன்று, பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு. மற்றொன்று, பைபர் படகின் பின்புறம் நீளத் தண்டோடு நிற்கும் ஒற்றை சிலிண்டர் டீசல் என்ஜின், அதாவது லாங் டெயில். இரண்டுமே ஸ்லோவில் அணையும். ஆனால் அணையும் காரணம் வேறு, அணையும் விதம் வேறு, முதலில் கை வைக்க வேண்டிய இடமும் வேறு. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை மற்றதற்குச் செய்துதான் நிறைய என்ஜின்கள் வீணாகின்றன.

அவுட்போர்டு விற்பனையில் வெற்றி கண்டது 1909 வாக்கில், அமெரிக்காவின் மில்வாக்கியில், ஓலே எவின்ரூட் கையால். நம் பக்கத்தில் அது பெருமளவில் பரவியது 1980-களில், கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும். யமஹா, சுசுகி, எவின்ரூட், ஜான்சன் என்று வெளிநாட்டு மோட்டார்கள் வந்து இறங்கின. சோழமண்டலக் கரையில் கதை வேறு மாதிரி போனது. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. மணலில் நேராக ஏறக்கூடிய படகுகளை வடிவமைத்ததும், அதற்குச் சிறிய டீசல் என்ஜினைப் பொருத்தி, கரை நெருங்கும்போது ப்ரொப்பெல்லரை மேலே தூக்கிக்கொள்ளும் ஏற்பாட்டைச் சோதித்ததும் அந்தத் திட்டம்தான். எரிபொருள் செலவு குறைவு என்பது டீசலுக்குச் சாதகமாக இருந்தது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பைபர் படகுகளோடு லாங் டெயில் டீசல் இந்தக் கரை முழுவதும் நிறைந்தது. அவுட்போர்டு அழிந்துவிடவில்லை. முட்டுக்காடு காயலின் உல்லாசப் படகுகளிலும், கைமாறிக் கைமாறி வந்த பழைய மோட்டார்களாகவும் அது இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்த இரண்டுக்கும் அடிப்படை வித்தியாசம் ஒன்று. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். டீசல் என்ஜினில் கவர்னர் இருக்கிறது. பழைய அவுட்போர்டில் இல்லை.

டீசலில் என்ஜின் வேகம் கொஞ்சம் குறைந்தால், சுழலும் எடைகள் உள்ளே ஒடுங்கி, பம்பின் ராக்கை நகர்த்தி, கூடுதல் டீசலைத் தரும். வேகம் ஏறினால் குறைக்கும். யாரும் தொடாமலே இது நடந்துகொண்டிருக்கும். அவுட்போர்டில் அந்த வேலையைச் செய்ய எதுவுமில்லை. த்ராட்டில் தகடு எந்த அளவு திறந்திருக்கிறதோ அந்த அளவுக்குத்தான் மூச்சு. ஏதோ காரணத்தால் வேகம் சற்றே தளர்ந்தால் காற்று இழுப்பதும் தளரும், பெட்ரோல் வருவதும் தளரும், இன்னும் வேகம் குறையும், அணைந்துவிடும். ஆகவே அவுட்போர்டு ஸ்லோவில் அணைவதற்கு ஒரு சின்னக் குறை போதும். டீசல் ஸ்லோவில் அணைகிறதென்றால் கவர்னரையே தோற்கடிக்கிற அளவுக்கு ஏதோ நடந்திருக்கிறது: டீசல் வரவில்லை, அல்லது வந்த டீசல் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சூடு உண்டாகவில்லை.

இதனால்தான் அணைவதற்கு முந்தைய சில நொடிகளைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்கிறேன். ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை அது.

அவுட்போர்டு அணையும்போது சத்தம் ஒரு கணம் துள்ளி ஏறி, பிறகு பட்டென்று விழுந்தால் பெட்ரோல் பற்றாக்குறை. காற்று அதிகம், எண்ணெய் குறைவு. சத்தம் தடித்து, புகை கூடி, இருமி இருமி இறங்கினால் எண்ணெய் மிகுதி. சுவிட்சைத் தட்டியதுபோல ஒரே வெட்டாக நின்றால் கரண்ட். டீசலில் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கி அலைந்துவிட்டு அணைந்தால் பெரும்பாலும் காற்று புகுந்திருக்கிறது. வெள்ளைப் புகையோடு தட்டித் தட்டி நின்றால் தண்ணீர் கலந்திருக்கலாம், கம்ப்ரஷனும் குறைந்திருக்கலாம். டீசலில் ஸ்பார்க் கிடையாது. அதனால் ‘வெட்டாக நிற்பது’ அங்கே வேறு பொருள் தரும்: வழி அடைத்துக்கொண்டது, அல்லது ஸ்டாப் லீவர் தானாக நகர்ந்துவிட்டது.

முதலில் அவுட்போர்டைப் பார்ப்போம். அதில்தான் பார்க்க நிறைய இருக்கிறது.

ஸ்லோவில் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்கும். கார்பரேட்டரின் நடுக்குழாயில் ஓடும் காற்றுக்கு மெயின் ஜெட்டிலிருந்து பெட்ரோலை உறிஞ்சும் பலம் இருக்காது. அப்போது என்ஜினுக்குச் சோறு போடுவது பைலட் ஜெட் என்ற ஊசித் துவாரமும், தகட்டின் விளிம்பையொட்டிய இன்னும் சிறிய துளைகளும் மட்டும்தான். பெட்ரோல் ஆவியாகிப் போனபின் எஞ்சும் கோந்து முதலில் அடைப்பது அவற்றைத்தான். மெயின் ஜெட் பெரியது என்பதால் அதற்கு ஒன்றும் ஆகாது. ஃபுல்லில் நன்றாக ஓடி ஸ்லோவில் அணைவதன் முழு விளக்கமும் பல நேரம் இவ்வளவுதான்.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை, கடல் பொங்கிக் கிடக்கும் நாட்களில் படகு மணலிலேயே இருக்கும். கார்பரேட்டர் கிண்ணத்தில் மிஞ்சிய பெட்ரோல் அப்படியே வற்றும். இப்போது இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் 10 சதவீத எத்தனால் கலப்பு என்ற இலக்கு 2022-ல் எட்டப்பட்டது. 2025-ல் அது 20 சதவீதத்துக்கு வந்துவிட்டது. எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். கடற்காற்றில் காற்றுத் திருகு திறந்தபடி கிடக்கும் டேங்கில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் போய்த் தங்கிவிடும். பழைய மோட்டாரின் ரப்பர் குழாயும், டயாஃப்ரமும் எத்தனாலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. ஊறி உப்பி, உள்பக்கம் உரிந்து வரும். அந்தத் துணுக்குகளும் போய்ச் சேருவது பைலட் ஜெட்டில்தான்.

ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகக் கண்ணருகில் பிடித்துப் பாருங்கள். சுத்தமான துளை வட்டமான, கூர்மையான ஓர் ஒளிப்புள்ளியாகத் தெரியும். கோந்து பிடித்தது ஒருபக்கம் நசுங்கிய பிறைபோல, மங்கலாகத் தெரியும். முழுக்க அடைத்ததில் ஒன்றுமே தெரியாது. இரும்புக் கம்பியை உள்ளே விட்டுக் குடையாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும். பிறகு அந்த ஜெட் எண்ணெயை அளவுக்கு மீறி விட்டுக்கொண்டே இருக்கும். கார்பரேட்டர் கிளீனரில் ஊறவைத்து, மெல்லிய தங்கூசி நரம்பு ஒன்றை உள்ளே விட்டு எடுத்து, காற்றடித்தால் போதும். வலை பின்னுகிற வீட்டில் தங்கூசிக்குத் தேட வேண்டியதில்லை. ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு, அது திருகி உட்காரும் பாதையையும் தகட்டோரத் துளைகளையும் விட்டுவிடுவதுதான் வழக்கமான அரைகுறை வேலை. அவற்றிலும் கிளீனர் பீய்ச்சி, மறுபக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பழுது கார்பரேட்டரிலா, அதற்கு முன்னாலா என்பதை அறியத் தனிக் கருவி வேண்டாம். டேங்கிலிருந்து வரும் குழாயில் இருக்கும் ரப்பர் பல்பைப் பாருங்கள். என்ஜின் தளரும் நேரத்தில் அதை அமுக்கிக்கொடுங்கள். தெம்பு வந்து ஓடிவிட்டால் கார்பரேட்டர் குற்றமற்றது. பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமோ, குழாய் இணைப்போ, டேங்க் மூடியின் காற்றுத் திருகோதான் காரணம். காற்றுத் திருகு மூடியிருந்தால் கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத்தான் அணையும். பல்பு உள்வாங்கிச் சப்பியிருப்பதே அடையாளம். பல்பை அமுக்கியும் மாற்றமில்லை என்றால் சோக்கைச் சற்றே இழுங்கள். பிழைத்துக்கொண்டால் பற்றாக்குறை, இன்னும் சீக்கிரம் செத்தால் மிகுதி. இரண்டு அசைவில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

பற்றாக்குறை என்று தெரிந்து, ஜெட்டும் சுத்தமாக இருந்தால் காற்று கசிகிறதா என்று பார்க்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக்கில் கிராங்க் கேஸே ஒரு காற்று பம்பு. கார்பரேட்டர் கேஸ்கெட், கிராங்க் சீல், ரீட் வால்வு மூன்றில் எது சோர்ந்தாலும் ஃபுல்லில் தெரியாது, ஸ்லோவில் தெரியும். ஃபுல்லில் உள்ளே போகும் காற்றோடு ஒப்பிட்டால் அந்தக் கசிவு ஒரு பொருட்டில்லை. ஸ்லோவில் அதுவே பெரும் பங்கு. கேஸ்கெட் இணைப்பில் கெட்டியான கிரீஸைத் தடவிப் பாருங்கள். ஓட்டம் மாறினால் இடம் கிடைத்துவிட்டது.

மண்ணெண்ணெய் ஓட்டுபவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. பெட்ரோல் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் கொதிக்கத் தொடங்குவதே சுமார் 150 டிகிரிக்கு மேல். என்ஜின் சூடாக இருந்து, காற்று வேகமாக ஓடும்வரை அது நன்றாக எரியும். ஸ்லோவில் சூடும் குறைவு, காற்றோட்டமும் குறைவு. மண்ணெண்ணெய் துளியாகவே தங்கிப் பிளக்கை நனைக்கும். இதனால்தான் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்துவதற்குச் சற்று முன்பு திரும்பப் பெட்ரோலுக்கு வர வேண்டும் என்ற முறையே இருக்கிறது. மானிய மண்ணெண்ணெய் குறைந்துகொண்டே வந்த காலத்தில் கிடைத்த கொஞ்சத்தையும் சிக்கனமாகச் செலவழிக்க நினைப்பதும், விலை கூடின பெட்ரோலை மிச்சம் பிடிக்க நினைப்பதும் நியாயம்தான். ஆனால் அலை முறியும் இடத்துக்கு வெளியே காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மண்ணெண்ணெயில் நிற்காதீர்கள். அலையை நெருங்கும் முன்பே சாவியைப் பெட்ரோலுக்குத் திருப்பிவிடுங்கள். கிண்ணத்தில் மிச்சமிருக்கும் மண்ணெண்ணெய் தீர்ந்து பெட்ரோல் வந்து சேரச் சற்று நேரம் பிடிக்கும், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த நாள் காலை குளிர்ந்த என்ஜின் எழுவதற்கும் கிண்ணத்தில் பெட்ரோல்தான் இருக்க வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிட்டு ஓட்டும் பழக்கமும் இதோடு சேர்ந்ததுதான். உப்பு அடைத்து என்ஜின் சூடாகிவிடும் என்ற பயத்தில் செய்கிறார்கள். எப்போதும் குளிர்ந்தே ஓடும் என்ஜின் ஸ்லோவில் பிளக்கை நனைத்துக்கொண்டே இருக்கும்.

பிளக்கைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இரண்டு சிலிண்டர் மோட்டார் ஸ்லோவில் ஒரு சிலிண்டரில் மட்டும் ஓடிக்கொண்டிருக்கலாம். ஃபுல்லில் இரண்டும் சேர்ந்துகொள்வதால் யாருக்கும் சந்தேகம் வராது. இரண்டு பிளக்கையும் கழற்றி அடுத்தடுத்து வையுங்கள்: ஒன்று காய்ந்த பழுப்பு, மற்றது நனைந்த கறுப்பு என்றால் நனைந்த பக்கம் தூங்குகிறது. இடைவெளி கையேட்டில் உள்ளபடி இருக்கட்டும். என்ஜிகே பிளக்கில் எண்ணின் கடைசியில் ‘-10’ என்றிருந்தால் 1 மி.மீ. டூ-ஸ்ட்ரோக் ஆயிலை ‘கொஞ்சம் கூடவே’ ஊற்றுவது என்ஜினுக்கு நல்லது என்ற நம்பிக்கையும் பிளக்கைக் கெடுக்கும். கையேடு 50-க்கு 1 என்றால் 50-க்கு 1.

பலரும் பார்க்காத ஓரிடம் இருக்கிறது. அவுட்போர்டின் புகை ஃபுல்லில் ப்ரொப்பெல்லர் வழியாகத் தண்ணீருக்குள் போகும். ஸ்லோவில் அந்த அளவு அழுத்தம் கிடையாது. அதற்காகவே மோட்டார் காலின் பின்பக்கம், தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஒரு சிறு புகைத்துளை வைத்திருப்பார்கள். உப்பும் கரியும் அதை அடைத்துவிடும். மீனும் நனைந்த வலையும் ஏற்றிப் படகின் பின்பக்கம் தாழ்ந்து வரும்போது அதே துளை தண்ணீரில் முங்கவும் கூடும். கரையில் டிரம்மில் வைத்துப் பார்த்தபோது நன்றாக நின்ற என்ஜின், திரும்பும்போது மட்டும் அணைகிறதென்றால் இங்கே பாருங்கள்.

இனி டீசல். லாங் டெயிலில் பெரும்பாலும் கியர் கிடையாது, நியூட்ரல் கிடையாது. தண்டைத் தூக்கி ப்ரொப்பெல்லரைத் தண்ணீரிலிருந்து எடுப்பதுதான் நியூட்ரல். இந்த ஒன்றே ஸ்லோக் கோளாறின் முகத்தை மாற்றிவிடுகிறது. அவுட்போர்டு கியரில் விழும் கணத்தில் சுமை ஏறி அணையும். லாங் டெயிலில் தண்டைத் தூக்கும்போது என்ஜினே முன்பக்கமாகச் சாய்கிறது. டேங்க் என்ஜின்மேலேயே அமைந்திருந்து, டீசலும் குறைவாக இருந்தால், எண்ணெய் ஒருபக்கம் ஒதுங்கிக் குழாயின் வாய் காற்றில் திறக்கும். ஒரு குமிழி உள்ளே போனால் போதும்.

காற்று ஏன் இவ்வளவு கெடுதல்? பம்பு டீசலை 200 பார் அளவுக்கு அழுத்தினால்தான் நாசில் திறக்கும். டீசல் அமுங்காது, அழுத்தம் உடனே ஏறும். காற்று அமுங்கும். பிளஞ்சர் அடிக்கும் அடியெல்லாம் குமிழியை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகும், நாசில் திறக்கவே திறக்காது. ஸ்லோவில் ஒவ்வொரு அடிக்கும் போக வேண்டிய டீசலோ ஒரு துளியின் சிறு பங்குதான். அதனால் ஸ்லோவில் முதலில் தெரிகிறது. சத்தம் ஏறி இறங்கி அலைவது, குமிழி வரும்போது தளர்ந்து, கவர்னர் ராக்கைத் திறந்து, குமிழி கடந்ததும் டீசல் மொத்தமாகப் பாய்ந்து வேகம் ஏறுவதால்.

ஏர் எடுப்பது மெக்கானிக்கை நம்பியிருக்கிற வேலை இல்லை. பில்டரின் மேலிருக்கும் ஏர் ஸ்க்ரூவைச் சற்றுத் தளர்த்தினால் முதலில் நுரையாக வரும். பிறகு குமிழியும் டீசலும் கலந்து விட்டுவிட்டு வரும். கடைசியில் கம்பிபோல நூலிழை பிசகாமல் வழியும்போது இறுக்க வேண்டும். அடுத்து பம்பின் வாயில் இதே வேலை. அதற்குப் பிறகும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் நாசில் பக்கத்து நட்டைத் தளர்த்திச் சுற்றிப் பார்க்கலாம். ஆனால் அங்கே கையை வைக்காதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க வேண்டிவரும். எடுத்த ஏர் மறுநாளும் இருந்தால் எங்கோ இழுக்கிறது என்று பொருள்: தேய்ந்த செம்பு வாஷர், வெடித்த பிளாஸ்டிக் குழாய், தளர்ந்த கிளிப். தினமும் ஏர் எடுத்துவிட்டுக் கடலுக்குப் போவதைச் சிலர் வழக்கமாகவே வைத்திருக்கிறார்கள். சில ரூபாய் வாஷருக்காக அலைமுன்னால் உயிரை வைக்க வேண்டுமா?

பில்டர் அடைப்பும் எரிபொருளில் தண்ணீரும் அவுட்போர்டுக்கு இருப்பதுபோலவே இங்கும் உண்டு. ஆனால் பில்டர் அடைப்பு, பைலட் ஜெட் அடைப்புக்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். அடைத்த பில்டர் முதலில் ஃபுல்லில்தான் காட்டிக்கொடுக்கும், ஸ்லோவுக்கு வேண்டிய கொஞ்சம் எண்ணெய் எப்படியும் வந்துவிடும். ஆகவே ஸ்லோவில் மட்டும் அணையும் டீசலுக்குப் பில்டரைக் குற்றம் சொல்வதற்கு முன் காற்றைத் தேடுவதுதான் முறை.

இரண்டையும் இன்னும் தெளிவாகப் பிரித்துக் காட்டுவது சூடும் குளிரும். காலையில் குளிர்ந்த நிலையில் ஸ்லோவில் நிற்காமல், சூடானபின் சரியாகிவிடும் டீசலுக்குக் கம்ப்ரஷன் குறைந்திருக்கிறது. காற்றை அமுக்கி அமுக்கி உண்டாகும் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. ரிங் தேய்ந்து, வால்வு சரியாக உட்காராமல் போனால், மெதுவாகச் சுற்றும்போது காற்று கசிந்து போக அவகாசம் கிடைக்கிறது, சூடு போதவில்லை. நேர்மாறாக, குளிர்ந்தபோது நன்றாக நின்று, சூடேறியதும் ஸ்லோவில் அணைந்து, உடனே எடுக்கவும் மறுத்தால் பம்பு எலிமெண்ட் தேய்ந்திருக்கிறது. பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி மி.மீட்டரில் ஆயிரத்தில் சில பங்குதான். சூட்டில் டீசல் இளகி, அந்தத் தேய்மானத்தின் வழியே நழுவிவிடுகிறது. வேகமாகச் சுற்றும்போது நழுவ நேரமில்லை, அதனால் ஃபுல்லில் குறை தெரியாது.

அவுட்போர்டிலும் இந்த இரண்டு நிலைகளும் உண்டு. பொருள் மட்டும் வேறு. குளிரில் அணைவது அங்கே பெரும்பாலும் அற்ப விஷயம்: கிண்ணத்தில் மண்ணெண்ணெய் மிஞ்சியிருக்கும், சோக் சரியாக மூடியிருக்காது. சூட்டில் அணைந்து, ஆறிய பிறகு எதுவுமே நடக்காததுபோல எழுந்துகொள்கிறதென்றால் ஸ்பார்க்கை உண்டாக்கும் காயிலையோ சிடிஐ-யையோ சந்தேகிக்க வேண்டும். சூட்டில் உள்சுற்று விரிந்து இணைப்பு விடும், ஆறினால் சேரும். நின்றவுடன் பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்த்தால்தான் பிடிபடும். பட்டறைக்குக் கொண்டு போய்ச் சேர்க்கும் நேரத்தில் அது நல்ல பிள்ளையாகிவிடும். (ஸ்பார்க் பார்க்கும்போது பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது, பிளக்கின் உடல் என்ஜினைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும்.) சுருக்கமாக, டீசலில் குளிரோ சூடோ எதில் அணைந்தாலும் பெரிய செலவை எதிர்பார்க்கலாம். அவுட்போர்டில் சூட்டில் அணைவது மட்டுமே அப்படி.

கடைசியாக ஸ்லோ ஸ்க்ரூ. இரண்டு என்ஜினிலும் ஒன்று இருக்கிறது, அணைந்ததும் எல்லாருடைய கையும் அதற்குத்தான் போகிறது. ஏற்றி வைத்தால் அப்போதைக்கு நிற்கும். நோய் உள்ளேயே இருக்கும். அதைவிடக் கேடு, அது புதிதாக ஒன்றைக் கொண்டுவரும். அவுட்போர்டில் வேகத்தோடு கியர் போடப் போட, கியரைக் கவ்வும் நாய்ப் பல் மழுங்கி, ஒருநாள் கியரே நழுவும். அது கீழ்ப்பெட்டியைப் பிரிக்கிற வேலை. லாங் டெயிலில் நியூட்ரல் இல்லை என்றேனே; ஸ்லோவை ஏற்றி வைத்தால், தண்டைத் தண்ணீரில் இறக்கும் கணத்திலேயே ப்ரொப்பெல்லர் வேகமாகச் சுழலும். படகைத் தள்ளிவிட இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் ஆட்கள் அதன் பக்கத்திலேயே இருப்பார்கள். இரண்டில் இதுதான் எனக்கு மிகப் பெரிய கவலை.

அவுட்போர்டில் ஸ்லோவை வைக்க ஒழுங்கான வழி உண்டு. சுத்தம் செய்து முடித்தபின் பைலட் ஸ்க்ரூவை மெல்ல அடிவரை மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள்; பெரும்பாலான பழைய மோட்டார்களுக்கு அது தொடக்கப் புள்ளி. என்ஜினைத் தண்ணீரில் இறக்கி நன்றாகச் சூடாக்கி, கால் கால் சுற்றாகத் திருப்பி, சத்தம் எங்கே சீராகிறதோ அங்கே நிறுத்துங்கள். அதன் பிறகுதான் ஸ்லோ ஸ்க்ரூ, அதுவும் கியரில் போட்டு. நியூட்ரலில் வைத்த ஸ்லோ கியரில் நிற்காது. தண்ணீரில்லாமல் மணலில் வைத்து முடுக்கினால் தண்ணீர் பம்பின் இம்பெல்லர் ரப்பர் நிமிடங்களில் பொசுங்கிவிடும், அதையும் செய்யாதீர்கள். டீசலில் ஸ்லோ ஸ்க்ரூவுக்கு இவ்வளவு சடங்கு இல்லை. காற்று, கம்ப்ரஷன், பம்பு மூன்றும் சரியென்று தெரிந்தபின் கையேடு சொல்லும் சுற்றுக்கு வைத்தால் முடிந்தது.

எது மேல் என்று கேட்டால், திருவிடந்தை, கோவளம், நெம்மேலி மாதிரி அலை தாண்டி மணலில் ஏறுகிறவர்களுக்கு டீசல்தான் என்பேன். கவர்னர் இருப்பதால் ஸ்லோவில் அது எளிதில் சாகாது. சாகும் முன் அலைந்து காட்டி எச்சரிக்கும். ஆனால் கடலில் ஏர் புகுந்து நின்றுவிட்டால், ஆடும் படகில் ஸ்பேனரோடு குனிந்து எடுக்க வேண்டும். அவுட்போர்டு சட்டென்று சாகும், ஆனால் பல்பை அமுக்கிக் கயிற்றை இழுத்தால் சட்டென்று எழவும் எழும். காயலில், அலையில்லாத தண்ணீரில், அடிக்கடி கியர் மாற்றித் திரும்ப வேண்டிய இடத்தில் அதுவே பொருத்தம். பழைய அவுட்போர்டு ஸ்லோவில் நிற்கவில்லை என்பதற்காக அதைக் காயலான் கடைக்கு எடைபோடுகிறவர்கள், ஒரு டயாஃப்ரம் செட், ஒரு கேஸ்கெட், இரண்டு பிளக் மாற்றி, பைலட் ஜெட்டையும் ஒருமுறை சுத்தம் செய்துவிட்டு முடிவெடுங்கள், பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும்.

எந்த என்ஜினாக இருந்தாலும், சூடான பிறகு ஸ்லோவில் ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓடாத என்ஜினோடு அலையைத் தாண்டிப் போகாதீர்கள். துடுப்பும், ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் வீட்டுத் திண்ணையில் கிடக்காமல் படகில் இருக்கட்டும்.